பனிக்குள்ளிருந்து வேழன்

13 செப்டம்பர் 2025, சனி

வேழனை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டாள் அரசி.

சனிக்கிழமைதோறும் வரும் 'மூடுபனிக் கோட்டை'யின் எண்பத்தோராவது பகுதி. எட்டு மணிக்கு முடிந்தது. டிவியை அணைத்துவிட்டு சோபாவில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எதிர்பார்த்ததுதான். வேழனாக நடிக்கும் பையன் சினிமாவுக்குப் போகிறான் என்று ஒரு மாதமாகவே பேச்சு. இருந்தாலும் வடக்கு வாசலின் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் காதைவிட்டுப் போகவில்லை.

கோதண்டராமன் சார் போன் செய்தார். வேங்கிக்கால் அரசு ஆபீசில் எனக்கு எதிர் மேஜை. ரிட்டயர் ஆக ஒன்றரை வருடம் இருக்கிற மனிதர், குரலே சரியில்லை. "இன்னா மேடம் இது? பத்து வருஷம் வாசக் காத்தவன இப்டியா பண்ணுவாங்க? எங்க வீட்ல யாருக்கும் சோறு எறங்கல."

கதைப்படி, பனிக்குள் போகிறவர்கள் சாவதில்லை. மெல்ல மெல்லத் தங்கள் பெயரை மறந்துவிடுவார்கள். பிரியமானவர்கள் விடியற்காலையில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாள் திரும்பி வரலாம். வரலாம், அவ்வளவுதான். இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

14 செப்டம்பர், ஞாயிறு

பக்கத்தில் ஒரே இரவில் இரண்டாயிரத்து முந்நூறு கமெண்ட். ஒன்றரை வருடத்துக்கு முன் பொழுது போகாமல் இந்தத் தொடருக்கென்று முகநூலில் ஒரு பக்கம் தொடங்கினேன். இன்று அறுபத்திரண்டாயிரம் பேர். அட்மின் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. கோதண்டராமன் சாருக்கே தெரியாது. என்னிடமே அந்தப் பக்கத்தைப் பற்றிப் புகழ்ந்து பேசுவார்.

அரசி யாமினியாக நடித்த பெண்ணின் சொந்தக் கணக்கைத் தேடிப் போய்த் திட்டுகிறார்கள். "நீ நல்லாவே இருக்க மாட்ட" என்று ஒரு அம்மா. பனி நுழையாமல் கோட்டைக்குள் நாலாயிரம் பேரைக் காப்பாற்ற அவளுக்கு வேறு வழியே இல்லை என்று எழுதிய ஒரே ஒரு ஆளை ஐநூறு பேர் சேர்ந்து கிழித்துவிட்டார்கள். ஆரணியிலிருந்து ஒருவர் வேழன் படத்துக்கு மாலை போட்டு ஊதுபத்தி ஏற்றிப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். ஒரு கல்லூரிப் பெண் கடைசிக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, சுவரில் நிழல் அசைகிறது, அவன் உள்ளேதான் இருக்கிறான் என்று நாலு பத்தி. அது லைட்மேன் நிழல் என்று ஒருவர் பதில்.

இத்தனைக்கும் நடுவில், தருமன் பலராமன் என்ற கணக்கிலிருந்து ஒரே வரி: "பேர சொல்லி கூப்ட்டுனே இருந்தா நெஜமா வருவானா".

ஏன் இதை எழுதி வைக்கிறேன்? கேலி இல்லாத கேள்வி அது ஒன்றுதான்.

19 செப்டம்பர், வெள்ளி

வேழன் இல்லாமல் பக்கம் செத்துவிடும் என்று பயம். ஒரு யோசனை வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் 'பனிக்குள்ளிருந்து வேழன்' என்று அவன் குரலில் நானே எழுதுவது, கேட்கிறவர்களுக்கு அவனாகவே பதில் சொல்வது. இன்று முதல் பதிவு. "இங்கே திசை இல்லை. உங்கள் குரல் மட்டுமே எனக்குக் கிழக்கு." ஒன்பதாயிரம் லைக். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது.

அந்தத் தருமன் தனிச்செய்தி அனுப்பியிருந்தான். "தம்பி அங்க குளிருதா".

விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று நினைத்தேன். "குளிரவில்லை, நண்பா. என் பெயரை மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிரு. இங்கே கேட்கிறது" என்று போட்டேன்.

20 செப்டம்பர், சனி

காலை ஐந்தரைக்குப் பதில் வந்திருக்கிறது. "நண்பன் இல்லடா அம்மாடா. குளிரலனா போதும். சாப்ட்டியா".

என்னமாய் நடிக்கிறான்! சிரித்துக்கொண்டே, "சாப்பிட்டேன் அம்மா" என்றேன்.

29 செப்டம்பர், திங்கள்

தினமும் வருகிறது. சரியாக ஐந்தரைக்கு. வாயால் பேசி எழுத்தாக்குகிற மாதிரி, புள்ளி கமா ஒன்றும் இருப்பதில்லை. மழை வந்தது, மாடு கன்று போட்டது, வினோ வேலைக்குப் போயிட்டா, உனக்குப் புடிச்ச காராமணிக் குழம்பு. நானும் பதில் போடுகிறேன். பல் தேய்ப்பதற்கு முன்பே போனை எடுக்கிறேன்.

5 அக்டோபர், ஞாயிறு

இன்றைக்குத்தான் தருமன் பலராமனின் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தேன். ஏன் முன்பே பார்க்கவில்லை?

கடைசிப் பதிவு ஜூலை 2018. கப்பல் சமையலறையில் பெரிய அண்டா முன்னால் வெள்ளை ஏப்ரனோடு நிற்கிறான். சிரித்த முகம். தாடையும் புருவமும் வேழனைப் போலவே. அதன் கீழே: "மச்சான் எங்கடா இருக்க." "நியூஸ் பொய்னு சொல்லுடா." "தர்மா, அம்மா அழுவுறாங்கடா." வருடாவருடம் பிறந்தநாளுக்கு யாரோ ஒருவர். பிறகு அதுவும் இல்லை.

அம்மாடா என்றது நடிப்பில்லை. அம்மாவேதான். மகன் போனிலிருந்து, மகன் கணக்கிலிருந்து.

அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப்புள்ளி எரிந்துகொண்டிருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

6 அக்டோபர், திங்கள்

பௌர்ணமி கிரிவலக் கூட்டம். பஸ் கிடைக்காமல் ஆபீசுக்கு நடந்தே போனேன். வழியெல்லாம் யோசனை. சொல்லிவிடலாம். சொன்னால்? அந்த அம்மாவுக்கு மகன் இரண்டாவது முறை போவான். மெல்ல மெல்லப் பதிலைக் குறைத்து நிறுத்திவிடலாம். அதுதான் நல்லது.

இது சாக்கு என்று எனக்குத் தெரியும். உண்மையை இங்காவது எழுதுகிறேன். என் கணவர் என்னை விட்டுவிட்டு ஓசூர் போய் ஆறு வருடம் ஆகிறது. சாப்ட்டியா என்று என்னை யாரும் கேட்டதில்லை. கேள்வி எனக்கில்லை — தெரியும். ஆனால் பதில் சொல்கிற இடத்தில் நான்தானே இருக்கிறேன்?

காலையிலும் பதில் போட்டேன். தெரிந்தே போட்ட முதல் பதில்.

14 அக்டோபர், செவ்வாய்

வினோதினி என்ற பெண்ணிடமிருந்து பக்கத்துக்குச் செய்தி. அப்படியே எழுதி வைக்கிறேன்.

"வணக்கம் மேடம் / சார். நான் தருமனோட மனைவி. எங்க அத்தைக்கு நீங்க பதில் போடறீங்க. அவங்க அத நெஜம்னு நெனச்சினு இருக்காங்க. தயவுசெஞ்சி நிறுத்துங்க. என் வாழ்க்கையே இதுல மாட்டினு இருக்கு." கீழே போன் நம்பர்.

15 அக்டோபர், புதன்

பதில் போடவில்லை. இருவருக்குமே.

16 அக்டோபர், வியாழன்

காலை ஐந்தரை: "ஏண்டா பேசல". ஆறு: "ஒடம்பு சரியில்லயா". ஆறேகால்: "தருமா".

குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தத்துக்குள் அந்தப் பெயர் கேட்டது. குழாயை மூடினேன். ஒன்றுமில்லை. திறந்தால் மறுபடியும்.

18 அக்டோபர், சனி

வினோதினியைப் பார்த்தேன். தேரடித் தெருப் பக்கம் ஒரு மெடிக்கலில் வேலை செய்கிறாள். முப்பது வயதிருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் பின்னால் நின்று பேசினோம். திட்டுவாள் என்று நினைத்துப் போனேன். "உக்காருங்க மேடம்" என்று அட்டைப்பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

"ஜப்பான் பக்கத்துல சரக்குக் கப்பல். காலையில டீ போட அவர் வரலயாம். தேடினா ஆளில்ல. ஒரே பனியா இருந்துச்சாம் அன்னிக்கு. பாடி கெடைக்கல. கம்பெனிலருந்து ஒரு லெட்டர், அவர் போன், துணிமணி, அவ்ளோதான். கல்யாணமாயி எட்டு மாசம் எங்களுக்கு."

ஏழு வருடமாக மாமியாரோடுதான் கீழ்பென்னாத்தூரில் இருக்கிறாள். இதே கடைக்கு மருந்து கொண்டுவரும் சுரேஷ்குமார் என்பவர் இவளுக்காக இரண்டு வருடமாகக் காத்திருக்கிறார். அத்தையும் நம்மோடு இருக்கட்டும் என்றும் சொல்லியிருக்கிறார். மறுபடி கல்யாணம் என்றால் முதல் கல்யாணத்தைக் கோர்ட்டில் ரத்து செய்யவேண்டும். அதற்கு, உயிரோடு இருப்பதாக ஏழு வருடம் எந்தத் தகவலும் இல்லை என்று அவனைப் பெற்றவள் சாட்சி சொல்லவேண்டும்.

"ஆகஸ்ட்ல ஒத்துக்கினாங்க மேடம். அழுதுனேதான், ஆனா ஒத்துக்கினாங்க. இப்ப வக்கீல்கிட்டயே சொல்றாங்க, 'தகவல் இல்லன்னு நான் எப்டிப் பொய் சொல்லுவேன்? எம்புள்ள டெய்லி பேசறான்'னு."

நான் இன்று சாயங்காலமே எழுதி அனுப்பிவிடுகிறேன், அது நான்தான் என்று சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"எழுத்துல வாணாம்" என்றாள். "எழுத்துன்னா அவங்களுக்கு அது அவர்தான். நேர்ல வாங்க."

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. ஐந்து மணிக்கே செய்தி. ஒரு படம். நீலத்தில் கட்டம் போட்ட சட்டை, காலரில் மஞ்சள் தடவி, ஹேங்கரில் தொங்குகிறது. "உன் அளவு 40 தான வினோகிட்ட கேட்டா தெரியலன்றா".

பலகாரம் எதுவும் செய்யவில்லை. வெளியே வெடி வெடித்துக்கொண்டே இருந்தது.

26 அக்டோபர், ஞாயிறு

காலை பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் போனேன். வினோதினி ஸ்டாப்பில் நின்றிருந்தாள். வயல் ஓரமாக ஷீட் போட்ட வீடு. ராணியம்மாள் — தருமனின் அம்மா — வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்குள்தான். போன் ரவிக்கைக்குள் செருகியிருந்தது.

எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. "அந்தப் பக்கத்த நடத்தறது நான்தாம்மா. வேழன்னு யாரும் பேசல. உங்களுக்குப் பதில் போட்டதெல்லாம் நான்தான்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்தார். "யாரு இது? கோர்ட்டுக்கு ஆள் செட் பண்ணி இட்டாந்தியா?"

"இல்ல அத்த…"

நம்பவைக்க எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. அவர் கண் முன்னாலேயே என் போனை எடுத்து 'அம்மா' என்று அடித்து அனுப்பினேன். அவர் ரவிக்கைக்குள் டிங் என்றது.

எடுத்துப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். இதைவிடக் குரூரமாக நான் எதுவும் செய்ததில்லை.

"இவ்ளோ நாளும் நீதானா?"

"ஆமாம்மா."

"குளிரலன்னியே."

நான் குனிந்து வாளியைப் பார்த்தேன்.

"கேக்கறேன்ல? குளிரலன்னு சொன்னது யாரு?"

"நான்தாம்மா."

"உனக்கு எப்டித் தெரியும்?"

கத்தவில்லை. நிஜமாகவே கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? ஜப்பான் கடலில் அந்தக் காலையில் குளிர் எவ்வளவு என்று எனக்கு எப்படித் தெரியும்? தலையணையில் சாய்ந்துகொண்டு, ஃபேன் காற்றில், குளிரவில்லை என்று அடித்தேனே…

வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை என் காலடியில் கொட்டினார். "போ" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் செருப்பு ஈரம் கடைசிவரை காயவில்லை.

27 அக்டோபர், திங்கள்

ஐந்தரைக்கு விழித்துக்கொண்டேன். செய்தி இல்லை.

29 அக்டோபர், புதன்

வினோதினி பேசினாள். இரண்டு நாளாக ராணியம்மாள் டீத்தண்ணியைத் தவிர எதுவும் தொடவில்லையாம். பின்பக்கம் போய் நிற்பதையும் நிறுத்திவிட்டாராம். விடியற்காலையில் அங்கே நின்று மகன் பெயரைக் கூப்பிடுவார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு மாதமாக, தினமும். தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

விடாமல் சொல்லிக்கொண்டிரு, இங்கே கேட்கிறது — அதுவும் நான் அடித்ததுதான்.

"அவங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சின்னா?" என்றேன்.

"தெரில மேடம். நான் லீவு போட்டுனு கூடவே இருக்கறேன்."

31 அக்டோபர், வெள்ளி

இனி வேழன் பதிவு கிடையாது, அப்படி எழுதியதே தவறு, மன்னிக்கவும் என்று போட்டேன். "காசு வாங்கிட்டியா அட்மின்?" "யாமினி ஆளா நீ?" மூவாயிரம் பேர் விலகிவிட்டார்கள். நல்லது.

1 நவம்பர், சனி

வேழன் வந்துவிட்டான்!

இன்றைய பகுதியின் கடைசி நிமிடம். வடக்கு வாசல் திறக்கிறது, பனிக்குள்ளிருந்து ஒருவன் நடந்து வருகிறான், அரசி "வேழா!" என்று ஓடுகிறாள். முகத்தைக் காட்டினால், வேறு யாரோ. புது நடிகன். பனி முகத்தையும் மாற்றிவிடும் என்று ஒரு வசனம் வைத்துச் சமாளித்துவிட்டார்கள்.

கோதண்டராமன் சார் போனில் கொதித்தார். "யார ஏமாத்தறாங்க மேடம்? அவன் நடையே வேற. நான் இனிமே பாக்க மாட்டேன்."

பக்கம் முழுக்கக் காறித் துப்புகிறார்கள். "எங்க வேழனக் குடுங்கடா." "இந்த மூஞ்சிக்கு வேழன் வேஷமா?" "நீ பனிக்குள்ளயே செத்திருக்கலாம்." அந்தப் பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவன் வீட்டு நம்பரை யாரோ கேட்கிறார்கள். நான் நீக்கிக்கொண்டே இருந்தேன், வந்துகொண்டே இருந்தது.

எட்டு மணியிலிருந்து ஒன்பது வரை உட்கார்ந்து நீக்கினேன். அப்போதுதான் அந்தப் பெயர் மேலே வந்தது. ஆறு நாளுக்குப் பிறகு.

தருமன் பலராமன்: "அந்தப் புள்ளய ஏன் திட்றீங்க. அவனும் ஒருத்தி பெத்த புள்ளதான. வேலைக்கு வந்துக்கிறான் செய்றான். அவன் நம்ம ஆளு இல்ல அவ்ளோதான். நம்ம ஆளு வரல".

நான்கு முறை படித்தேன். யாரோ சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். அதை மட்டும் நீக்கினேன்.

19 நவம்பர், புதன்

வழக்கு இன்று வந்தது. ராணியம்மாள் வரவில்லை. சாப்பிடுகிறார், வேலை செய்கிறார், ஆனால் கோர்ட் என்றால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாராம். ஜனவரி எட்டாம் தேதிக்கு வாய்தா.

வினோதினியின் குரலில் கோபமே இல்லை. "அவங்கள இழுத்துனு போயி நிறுத்த என்னால முடியாது மேடம். அவரும் அதுதான் சொல்றாரு."

அவரும் என்றால் சுரேஷ்குமார். இன்னும் காத்திருக்கிறார்.

3 டிசம்பர், புதன்

கார்த்திகை தீப டியூட்டி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் தகவல் பந்தலில் போட்டிருந்தார்கள். காட்பாடியிலிருந்து வந்த காசி எங்கிருந்தாலும் பந்தலுக்கு வரவும் என்று மைக்கில் மதியத்திலிருந்து கூப்பிட்டார்கள். அவர் மனைவி என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு முறை பெயர் சொல்லும்போதும் எழுந்து நிற்பார். மலையில் தீபம் தெரிந்தபோது எல்லோரும் கும்பிட்டார்கள். அந்த அம்மா கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழரைக்கு அந்த ஆள் வந்துவிட்டார். கையில் பொரி உருண்டைப் பொட்டலத்தோடு, இன்னா இப்ப என்கிற முகத்தோடு. நான் அழுததைப் பார்த்து அவர்கள் இருவரும்தான் பயந்துபோனார்கள்.

20 டிசம்பர், சனி

பக்கத்தை மூடிவிட்டேன். தொடரையும் பார்ப்பதில்லை.

இருந்தும் ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. மார்கழிப் பனியில் ஜன்னலுக்கு வெளியே மலை இருக்கிற இடமே தெரிவதில்லை. யாரோ வெளியே நிற்கிற மாதிரி இருக்கிறது. எழுந்துபோய்ப் பார்க்கிற தைரியம் இல்லை. பார்த்தால் யார் நிற்பார்கள்? எனக்குத் தெரியாத ஒரு மனிதன், அவன் பேசாத பேச்சுக்கெல்லாம் என்னிடம் கணக்குக் கேட்க.

6 ஜனவரி 2026, செவ்வாய்

வினோதினி போன் செய்தாள். "அத்த நாளன்னிக்கி வராங்களாம். உங்களையும் வரச்சொன்னாங்க."

"என்னையா? எதுக்கு?"

"சொல்லல."

8 ஜனவரி, வியாழன்

அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். ராணியம்மாள் பச்சைப் புடவை, எண்ணெய் வைத்து வாரிய தலை. என் பக்கம் திரும்பவே இல்லை. கூண்டில் ஏறியதும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் கடைசி பெஞ்சில், வினோதினிக்குப் பக்கத்தில்.

வக்கீல் பெயர், ஊர் எல்லாம் கேட்டார். பிறகு, "உங்க பையன் தருமன் காணாமப் போனதுலருந்து இன்னி வரைக்கும், அவர்கிட்டருந்து லெட்டர், போன், வேற எதாவது தகவல் வந்துச்சாம்மா?"

அவர் கம்பியையே பார்த்தார்.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. வினோதினி என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. ராணியம்மாள் அப்போதுதான் தலையைத் திருப்பி என்னைத் தேடினார். கண்டுபிடித்தார். அந்தப் பார்வையை என்ன சொல்வது? கோபம் இல்லை. நான் அங்கே இருக்கிறேனா, கேட்கிறேனா என்று பார்த்துக்கொண்டார்.

"இல்லீங்க" என்றார்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா" என்றார் நீதிபதி.

"ஒண்ணும் வரலீங்க. இந்த ஏழு வருஷமா யாரும் பேசலீங்க."

டைப்பிஸ்ட் அடிக்கிற சத்தம் கேட்டது. 'யாரும் பேசவில்லை' என்று பதிவானது. எல்லா ஐந்தரை மணிகளும், குளிரவில்லையும், சாப்பிட்டேன் அம்மாவும் அந்த ஒரு வரியில் இல்லாமல் போயின. இறங்கும்போது படியில் தடுமாறினார். வினோதினி ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அங்கேயே, எல்லோருக்கும் முன்னால், கட்டிக்கொண்டு நின்றார்கள். கோர்ட் ஊழியர்தான் மெல்ல நகர்த்தினார்.

தீர்ப்புக்கு இன்னும் ஒரு மாதம் ஆகுமாம். தடை எதுவும் இருக்காது என்றார் வக்கீல்.

வினோதினி கடைக்குப் போகவேண்டும். ராணியம்மாளை பஸ் ஏற்றிவிடச் சொல்லி என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். பஸ் ஸ்டாண்ட் வரை ஆட்டோவில் போனோம். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கீழே வந்து நின்றேன். மன்னிப்பு கேட்கலாமா? கேட்டால் அவர் அதற்கும் ஒரு பதில் சொல்லவேண்டி வருமே. சும்மா நின்றேன்.

டிரைவர் ஏறினார். ராணியம்மாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"நீ செஞ்சத நான் மறக்க மாட்டேன்."

"சரிங்கம்மா."

"சாவற வரைக்கும் மறக்க மாட்டேன்."

தலையாட்டினேன். பஸ் உறுமியது. அவர் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். பிறகு பக்கத்து சீட்டிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வினோ வர்றதுக்கு ராத்திரி எட்டு மணி ஆவும்" என்றார். "அது வரைக்கும் அந்த வூட்ல நான் ஒண்டியா என்னா பண்ணுவேன்? ஏறு."

ஏறினேன். அவலூர்பேட்டை ரோடு தாண்டுவதற்குள் என் தோள்மீது சாய்ந்து தூங்கிவிட்டார். கண்டக்டர் வந்து, எத்தனை டிக்கெட், அம்மாவுக்கும் சேர்த்தா என்று கேட்டார். எழுப்ப மனமில்லாமல் இரண்டு விரலைக் காட்டினேன்.